நாலும் சுகப்பிரசவம்

ஆகஸ்ட் 25, ஞாயிறு

என் பெயர் சுயம்புக்கனி. படிப்பு ஐந்தாம் வகுப்பு, பாஸ். பிள்ளைகள் நாலு. நாலும் சுகப்பிரசவம்.

முதல் பக்கம் என்பதால் கையெழுத்தை நிறுத்தி எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கத்திலிருந்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். எங்கள் சாமுவேல் வாத்தியார் ஓர் அடித்தல் திருத்தலுக்கு அரை மார்க் குறைப்பார். அந்தப் பயத்தில் யோசித்து யோசித்து எழுதி, பாதிப் பரீட்சையோடு பேப்பரைக் கொடுத்தவள் நான்.

இந்த நோட்டு எதற்கென்றால், மகன்கள் மூன்று பேர் வழியில் எனக்கு நாலு பேரப்பிள்ளைகள். ஒன்று பிறந்தபோதுகூட என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கவும் மாட்டார்கள், அது மருமகள்களைப் பெற்றவர்கள் காரியம். ஆரஞ்சுப் பழப் பையோடு விருந்தாளியாகப் போய், ஏசி ரூமில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மூக்கு யார் மூக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன். இப்போது என் முறை. ஒரே மகள் பொன்சித்ராவுக்குத் தலைப்பிரசவம். அது தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஒரு பிரசவத்தை எப்படிப் பார்ப்பது என்று மருமகள்கள் பின்னால் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்றைக்குத் தூத்துக்குடியில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. ஏழாம் மாதம் செய்திருக்க வேண்டியது. மாப்பிள்ளை முத்துராஜுக்கு ஹார்பரில் கிரேன் வேலை, லீவு கிடைக்கவில்லை. எட்டில் செய்யக் கூடாது. ஒன்பது பிறந்ததும் செய்துவிட்டோம். ஏழு வகைச் சோறு கொண்டுபோனேன். எலுமிச்சைச் சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. சம்பந்தி மாணிக்கவடிவு மட்டும் மூன்று தடவை ஊறுகாய் கேட்டாள்.

வளையல் நான் வாங்கினது. வலது கையில் பதினொன்று, இடது கையில் பத்து. பச்சையும் சிவப்பும். ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டேன் போல, கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடுகிறது. “எம்மா, இது எனக்கா, உனக்கா?” என்றாள் மகள். பிள்ளை வயிற்றுக்குள்ளே சத்தம் கேட்க வேண்டாமா, அதற்குத்தான் என்று சமாளித்தேன். இனி பிள்ளை பிறக்கும் வரை கழற்றக் கூடாது.

சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வீடு முழுக்க வளையல் சத்தம். கண்ணை மூடிக்கொண்டே அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். இப்போது முருங்கை மரத்தடியில். இப்போது அடுக்களையில், என் கருவாட்டுச் சட்டியைத் திறக்கிறாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கிரேஸ்லின் சிஸ்டர் வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு எல்லாம் அந்தப் பிள்ளைதான் சுகாதார நர்ஸ். ஸ்கூட்டியில் ஒரு பெட்டி, அதில் பிரஷர் பார்க்கிற கருவி. கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நூத்தி முப்பதுக்கு எம்பத்தாறு. லேசாக் கூட இருக்கு. உப்பைக் குறைங்க” என்றது.

தாய்வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் உப்பைக் குறை என்றால் நான் எதைச் சமைப்பேன். தலையை ஆட்டி வைத்தேன்.

பிறகு ஒரு அட்டையை எடுத்துக் கேள்வி கேட்டது. சர்க்கரை உண்டா, ரத்தசோகை உண்டா. “பாட்டி, ஒங்களுக்குப் பிரசவ நேரத்துல பிரஷர் கூடுனது, இசிவு, அதான் வலிப்பு கண்டது, அப்படி எதுவும் உண்டா? தாய்க்கு இருந்தா மகளுக்கும் வர வாய்ப்பிருக்கு. அதான் கேக்கேன்.”

“என்னையப் பார்த்தாப் பாட்டி மாதிரியா இருக்கு?” என்றேன்.

“சரி அத்தை. உண்டா இல்லையா?”

இல்லை என்றேன். நாலு பிள்ளைக்கும் அப்படி ஒன்றும் இல்லை. அது உண்மைதான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எந்த ஆஸ்பத்திரி என்று இன்று சண்டை.

திருச்செந்தூரில் மூன்று மாடிக்கு ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி வந்திருக்கிறது. வாசலில் நீரூற்று. லிஃப்ட் உண்டு. இரண்டாவது மருமகளின் தாய் பார்த்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இல்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். அங்கேதான் என்று நான் மனசில் எப்போதோ பெயர் பதிந்துவிட்டேன்.

சித்ரா தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிதான் என்கிறாள். ஆறு மாதமாக அங்கேதான் காட்டியிருக்கிறாள். கணக்கு டீச்சர் அல்லவா, விரல் விட்டு எண்ணினாள். “ரத்தம் இருக்கு. பிள்ளைக்குத் தனி வார்டு இருக்கு. எந்நேரமும் டாக்டர் இருக்காவ. பக்கத்துல ஒரு பொம்பளை ஆள் நிக்கவும் விடுதாவ. நீரூத்துல போயி நான் என்ன துணியா துவைக்கப் போறேன்?”

“ஏட்டி, தர்மாஸ்பத்திரியில எம்மவ பெத்தான்னா ஒம் மாமியா என்ன சொல்லுவா?”

“அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாவ. நீதான் சொல்லுவே.”

வீட்டில் இருக்கிறவர் அதுவரை பேப்பரில் இருந்தார். அவரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சைக்கிள் கடை வைத்திருந்தார், இப்போது மோட்டார் சைக்கிளுக்கும் பஞ்சர் ஒட்டுகிறார். வருஷத்துக்கு இருபது வார்த்தை பேசுவார். இன்றைக்கு என்று பார்த்து அதில் பாதியைச் செலவழித்தார்.

“மூணு பயலுவளையும் இவளையும் நீ பெத்தது எங்க? லிஃப்ட்டுலயா?”

நாலு பேரும் தர்மாஸ்பத்திரியில் பிறந்தவர்கள்தான். அவர்தான் பிடிவாதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மருமகள்களிடம் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டிலேயே, உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும்போது, பாயில் படுத்துப் பெற்றுவிட்டு எழுந்து கஞ்சி வடித்தேன் என்று. ஒருத்தி நம்பினாள். அவள் பி.காம்.

இந்தப் பக்கத்தைப் பின்னால் கிழித்துவிட வேண்டும்.

ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதில் மாற்றமில்லை. என்னுடையதும் என் தாய்வீட்டில்தான் நடந்தது.

செப்டம்பர் 4, புதன்

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, வறுத்த வத்தல், அப்பளம். இரண்டு தடவை சோறு வாங்கினாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முகம் பூரித்து வந்திருக்கிறது. வரும்போது கன்னம் ஒட்டியிருந்தது. இரண்டே வாரத்தில் என் கைச்சாப்பாடு செய்த வேலை. போட்டோ எடுத்து மருமகள்களுக்கு அனுப்பச் சொன்னேன். “எம்மா, பாதம் இட்லி மாதிரி இருக்கு, அதையும் அனுப்பவா?” என்றாள். கொலுசு கழல மாட்டேன் என்கிறது. நீர் இறங்குவது சகஜம், பிரசவம் லேசாக ஆகும் என்று என் அம்மா சொல்வாள்.

என் அம்மா சொன்னதெல்லாம் இப்போது எதற்கு.

மத்தியானம் கொடியில் காயப்போட்ட துணியை ஆடு தின்றுவிட்டது. என் புதுத் துண்டு.

செப்டம்பர் 10, செவ்வாய்

கிரேஸ்லின் வந்தது. இரண்டு தடவை பார்த்தது. நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூற்று நாலு. சிறுநீரையும் ஒரு அட்டையில் தொட்டுப் பார்த்தது. “உப்பு இறங்குது. மாத்திரை தாரேன், நாளைக்கே தூத்துக்குடி போயிக் காட்டுங்க அத்தை. இனி அங்கன தங்குறதுதான் நல்லது.”

பெட்டியைக் கட்டு என்கிறாள் சித்ரா. வளைகாப்புப் போட்டு அழைத்து வந்து பதினாறு நாள்தான் ஆகிறது. அதற்குள் திரும்ப மாமியார் ஊருக்கு அனுப்பினால், வைத்துப் பார்க்கத் துப்பில்லை என்பார்கள். மாத்திரையைப் போடு, வெள்ளிக்கிழமை சம்பந்தி பார்க்க வருகிறாள், போனதும் போகலாம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையை அப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும். சரி என்றாள்.

கிரேஸ்லின் போகும்போது வாசலில் நின்று திரும்பவும் கேட்டது. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

எதற்கு எல்லாரும் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

ஆவணி இருபத்தேழு. வீட்டில் இருக்கிறவர் காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டுத் தேரிப் பக்கம் போனார். தேரி என்பது செம்மணல் மேடு. அதில் ஒரு கொல்லாமரம், முந்திரிதான், நிற்கிறது, அங்கே. வருஷா வருஷம் இந்த நாளில் போவார். திரும்பி வந்ததும் காலில் சிவப்பு மண் இருக்கும். நான் கேட்க மாட்டேன். கால் கழுவத் தண்ணீர் மட்டும் எடுத்து வைப்பேன்.

சித்ரா கேட்டாள், “அப்பா எங்க?” என்று. டியூப் வாங்கப் போயிருக்கிறார் என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

சம்பந்தி வந்தாள். அல்வா கொண்டு வந்தாள்.

“மயினி, பிள்ளை நல்லா ஒடம்பு போட்டிருக்காளே” என்றாள். எனக்குக் குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் வாய் நிற்கவில்லை. எங்கள் வம்சத்தில் ஆபரேஷன் என்ற பேச்சே கிடையாது, எனக்கு நாலும் சுகப்பிரசவம், எல்லாம் இடுப்பு பலம் என்று சொல்லிக்கொண்டே போனேன். எழுந்து நின்று இடுப்பைத் தட்டிக் காட்டினேன். போன வருஷம் பிடித்த அதே இடத்தில் பிடித்துக்கொண்டது. சம்பந்தி தைலம் தேய்த்துவிட்டாள்.

நாளைக்குத் தூத்துக்குடி போகலாம் என்று சித்ரா. நாளைக்குச் சனிக்கிழமை, திங்கட்கிழமை போகலாம் என்று நான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வீடு அமைதியாக இருக்கிறது. பிள்ளை அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். தாய்வீட்டுக்கு வந்தால் எல்லாருக்கும் பொறுமை வரும்.

செப்டம்பர் 16, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா பக்கத்தில் இருந்த அம்மாளுடையது.

காலையில் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பினால் சித்ரா பின்னால் நிற்கிறாள். தோசைக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். “எப்பட்டி வந்தே, சத்தமே இல்லாம?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் காதுக்கு உறைத்தது. சத்தமே இல்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். முழங்கைக்கு ஓடின வளையல் இருபத்தொன்றும் மணிக்கட்டில் புதைந்து கிடக்கிறது. ஒன்றை விரலால் நகர்த்தினேன். நகரவில்லை. கீழே சதையில் வளையம் வளையமாகச் சிவப்புத் தடம்.

எத்தனை நாளாகச் சத்தம் இல்லை என்று யோசித்தேன். நேற்று ‘அமைதியாக இருக்கிறது’ என்று இந்த நோட்டில் நானே எழுதியிருக்கிறேன். அதையும் ஒரு பெருமையாக எழுதியிருக்கிறேன்.

“எம்மா, தலை இடிக்கி. அடுப்பு ரெண்டாத் தெரியுது” என்றாள்.

நானும் அதைத்தான் சொன்னேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால், என் அம்மா வீட்டில், ஒன்பதாம் மாதம். எம்மா, விளக்கு ரெண்டாத் தெரியுது. சூடு, படுத்துக்கோ என்றாள் என் அம்மா. வண்டி கட்டலாம் என்று இவர் வாசலில் நின்று கெஞ்சினாராம். எமகண்டம் கழியட்டும் மாப்பிள்ளை என்றார்களாம். அதற்குள் எனக்கு இசிவு வந்துவிட்டது. மூன்று நாள் கழித்துக் கண்ணைத் திறந்தேன். பொம்பளைப் பிள்ளை என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. இவர்தான் தேரிக்குக் கொண்டுபோனார்.

எழுதிவிட்டேன்.

அடுப்பை அணைத்தேன். 108-க்கும் கிரேஸ்லினுக்கும் இவர் போன் போட்டார். ஸ்கூட்டிதான் முதலில் வந்தது. நூற்றெழுபதுக்கு நூற்றுப் பத்து. கிரேஸ்லின் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். “எனக்கு வந்திருக்கு. இசிவு. முதல் பிள்ளை தங்கல.”

“அத்தை, நான் ரெண்டு தடவை கேட்டேனே.”

“நாலு பிள்ளைக்கும் இல்லன்னேன். அது அஞ்சாவது. இல்ல, முதலாவது.”

கிரேஸ்லின் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனில் தூத்துக்குடிக்கு அதை அப்படியே சொன்னது.

சித்ரா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்சில் ஏறும்போது மணி எட்டு. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம். ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்கிற ஆள் நான்தான்.

உள்ளே ஊசி ஏற்ற நரம்பு வேண்டும், வளையலைக் கழற்ற வேண்டும் என்றார்கள். சோப்புப் போட்டும் வரவில்லை. அங்கே இருந்த ஸ்டாஃப் நர்ஸ் என் முகத்தைப் பார்த்தது. “பிள்ளை பெறக்காமக் கழட்டக் கூடாதும்பியளே, என்ன செய்ய?”

“நான் வாங்கினது, நானே எடுக்கேன்” என்றேன். துணியைச் சுற்றி, அந்தப் பிள்ளை சொன்னபடி, ஒவ்வொன்றாக நசுக்கினேன். வலது கையில் பதினொன்று, இடது கையில் பத்து. பத்தொன்பதாவதில் என் கட்டைவிரல் கிழிந்தது. சித்ராவுக்கு ஒரு கீறல் இல்லை.

கடைசி வளையலின்போது அவள் மெதுவாகக் கேட்டாள். “எனக்கு அக்கா உண்டா?”

“உண்டு.”

“பேரு?”

“வைக்கல.”

அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இசிவு வராமல் இருக்க ஊசி போகிறது. பிரஷர் இறங்கவில்லை. குழந்தையை எடுத்துவிட வேண்டும், ஆபரேஷன் என்கிறார்கள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு என்னிடமும் கேட்டார்கள். முதல் பக்கத்தில் எழுதின மாதிரி நிறுத்திப் போட்டேன்.

ராத்திரி முழுக்க பஸ் ஓட்டி வந்த களைப்போடு எதிரே ஒருவர் தூங்குகிறார். அவர் மனைவிக்கும் உள்ளேதான். நான் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். பதினைந்து நிமிஷம் தூங்கிவிட்டேன். அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் குழந்தை பிறந்தது. அவர்தான் எழுப்பினார். “யம்மா, பொன்சித்ராவோட ஆளு நீங்களா? கூப்பிடுதாவ.”

பொம்பளைப் பிள்ளை. இரண்டு கிலோ நூறு. சித்ரா கண் திறந்திருக்கிறாள். குழந்தையைத் தனி வார்டில் வைத்திருக்கிறார்கள். அழுதது. நான் கேட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

சம்பந்திக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வராந்தாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நாலும் சுகப்பிரசவம்னியளே மயினி.”

“கணக்குத் தப்பு.”

“முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அனுப்பியே இருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

கோபமாகத்தான் எழுந்து போனாள். திரும்பி வரும்போது இரண்டு டீ கொண்டு வந்தாள். கோபம் போகவில்லை, சீனி கம்மி.

செப்டம்பர் 21, சனி

குழந்தையைச் சித்ரா பக்கத்தில் போட்டுவிட்டார்கள். மூக்கு சம்பந்தி மூக்கு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சித்ராவின் மணிக்கட்டு பழையபடி மெலிந்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் இன்னும் சரியாகப் பேச்சு இல்லை. இன்று தலை வாரிவிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

“அன்னைக்குச் செவ்வாக்கிழமையே வந்திருக்கணும்மா.”

“ஆமா.”

“நீ சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்.”

“ஆமா.”

“ஏம்மா சொல்லல?”

ஒரு தடவை சொல்லாமல் விட்டால், அப்புறம் நாலு நாலு என்று சொல்லிச் சொல்லி அதுவே கணக்காகிவிட்டது என்றேன். ஒவ்வொரு மருமகள் தாய்வீட்டுக்குப் போனபோதும் நான் தேதியை எண்ணிக்கொண்டு கிடந்தேன் என்றும், என் வீட்டில் ஒன்றாவது நல்லபடி நடந்துவிட்டால் போதும் என்று இருந்ததையும் சொன்னேன். பின்னல் ஒரு பக்கம் கோணலாகப் போய்விட்டது. அவள் அவிழ்க்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

இந்த வார்டில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. எங்கள் வம்சத்திலேயே முதல் ஆபரேஷன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கால் வீங்கியிருக்கிற பிள்ளையைக் கண்டால் விடுவதில்லை. வளையலை நகர்த்திப் பார்க்கிறேன். பக்கத்துக் கட்டில் பிள்ளை, “பாட்டி, எனக்குக் கால் எப்பவும் இப்படித்தான், குண்டு” என்கிறது. பாட்டி என்றதைப் பெரிதுபடுத்தவில்லை.

அக்டோபர் 2, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. சம்பந்தியும் கூடவே வந்துவிட்டாள், என்னை நம்பி விட மாட்டாளாம். கருவாட்டுச் சட்டியை அவள்தான் மேலே தூக்கி வைத்தாள்.

காலையில் வீட்டில் இருக்கிறவர் செருப்பை மாட்டினார். ஆவணி எல்லாம் முடிந்துவிட்டதே என்று பார்த்தேன். “வாரியா?” என்றார். இந்த வருஷத்தின் கடைசி வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தேரிக்குப் போனேன். கொல்லாமரம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. செருப்பில்லாமல் போய்விட்டேன், மணல் சுட்டது, நிழலுக்கு ஓடினேன். அழலாம் என்று போனவள் குதித்துக் குதித்து ஓடினதுதான் மிச்சம். இவர் சிரித்தார். பிறகு மரத்தில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றோம்.

வந்து கால் கழுவினோம். தண்ணீர் சித்ரா எடுத்து வைத்திருந்தாள்.

மருமகள்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை குழந்தை பார்க்க வருகிறார்கள். இந்த நோட்டை அவர்களிடம் கொடுக்கப்போகிறேன். எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை, செப்டம்பர் ஒன்றாம் தேதியைக்கூட. ஒன்று மட்டும் செய்தேன். முதல் பக்கத்தைத் திறந்து, ‘பிள்ளைகள் நாலு’ என்று இருந்ததில் நாலை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே ஐந்து என்று எழுதினேன். அடுத்த வரியில் ‘நாலும் சுகப்பிரசவம்’ என்பதை மொத்தமாக அடித்தேன்.

இரண்டு அடித்தல். வாத்தியார் ஒரு மார்க் குறைத்துக்கொள்ளட்டும்.